புதுசுக்கு எத்தனை வயசு?

2009-ம் வருடம் மே 31 என்ன கிழமை தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் ஜூன் 1, திங்கள். அந்த ஒரு ராத்திரியில் தமிழ்நாட்டில் பூகம்பம் வரவில்லை. அரிசி விலை பாதியாகவில்லை. ஆனால் ஒரு வேலையின் விலை மட்டும் மாதத்துக்கு 3,170 ரூபாய் குறைந்துவிட்டது.

என்ன வேலை? ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் விரலைப் பிடித்து 'அ' எழுத வைக்கிற வேலை. இடைநிலை ஆசிரியர் வேலை.

மே 31 வரை பணியில் சேர்ந்தவருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய். ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்கு 5,200 ரூபாய். அதே கல்வித் தகுதி. அதே பாடப்புத்தகம். அதே சத்துணவு முட்டையை எண்ணும் வேலை. தர ஊதியம்கூட இருவருக்கும் அதே 2,800தான். சேர்ந்த தேதி மட்டும் வேறு.

எப்படி நடந்தது இந்த மாயம்? ரொம்பச் சுலபம். ஆறாவது ஊதியக்குழுவுக்கு முன்னால் இந்த வேலைக்கு ஆரம்பச் சம்பளம் 4,500. ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களுக்கு அதை 1.86-ஆல் பெருக்கினார்கள். 8,370 வந்தது. நியாயம். புதிதாக வருபவருக்குப் பெருக்குவதற்குப் பழைய சம்பளம் ஏது? அதனால் புதிய ஊதிய விகிதத்தின் அடிமட்டம் எதுவோ, அதில் உட்கார வைத்தார்கள். அது 5,200.

"ஏதோ கணக்கில் விட்டுப்போச்சு, பாவம் கவனிக்கல" என்று நினைக்கிறீர்களா? மத்திய அரசு இதே ஆறாவது ஊதியக்குழுவை 2008-ல் அமல்படுத்தியபோது இந்த ஓட்டையைக் கவனித்தது. நேரடியாகப் புதிதாகச் சேருபவர்களுக்கென்று தனி அட்டவணை போட்டது. அதன்படி 2,800 தர ஊதியம் உள்ள வேலையில் புதிதாகச் சேருபவரின் ஊதியம் 5,200-ல் ஆரம்பிக்கவில்லை, 8,560-ல் ஆரம்பித்தது. டெல்லி போட்ட ஊதிய விகிதத்தை எடுத்துக்கொண்ட நாம், புதியவருக்கான இந்த அட்டவணையை மட்டும் எடுத்துக்கொள்ளாமல் விட்டோம்.

*

இந்த 5,200 ரூபாய்க்காரரை எங்கே அனுப்புவார்கள்?

அரசுப் பள்ளியில் பொது மாறுதல் கலந்தாய்வு எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். பஸ் நிற்கிற ஊர், டவுனுக்குப் பக்கத்து ஊர் எல்லாம் சீனியர்கள் கைக்குப் போகும். அதில் தப்பில்லை, அவர்கள் முறை. எல்லோரும் எடுத்தது போக மிச்சம் இருப்பது புதியவருக்கு. அந்த மிச்சம் எங்கே இருக்கும்? தர்மபுரி மாதிரி மாவட்டங்களில்தான் நிறைய இருக்கும். சித்தேரி மலையில் இருக்கும். வத்தல்மலையில் இருக்கும். பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலை என்று ஒன்று உண்டு. பல தேர்தல்களில் வாக்குப்பதிவு இயந்திரத்தைக் கழுதை முதுகில் ஏற்றிக் கொண்டுபோன மலை. போட்டோ பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரி ஊர்ப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் உண்டு, அங்கேயும் ஒருவர் போய் வகுப்பெடுக்க வேண்டும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மாவட்டங்களிலேயே எழுத்தறிவில் கடைசி இடம் தர்மபுரிக்கு. மாநில சராசரி 80 சதவிகிதம். தர்மபுரி 70-ஐக்கூட எட்டவில்லை. ஆக, மாநிலத்திலேயே கஷ்டமான வேலை இங்கே இருக்கிறது. கஷ்டமான வேலைக்குச் சம்பளம் கூடவா குறைவா தர வேண்டும்? உங்கள் கம்பெனியில் என்ன செய்வார்கள்? நாம் செய்தது நேர் எதிர்.

ஒரு கணக்குக்காக இரண்டு ஆசிரியர்கள் உள்ள ஒரு பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 2009 மே மாதம் சேர்ந்தவர். இன்னொருவர் அதே ஜூன் மாதம். முதல் நாள் இருவர் சம்பளத்துக்கும் இடைவெளி 3,170. அகவிலைப்படி அடிப்படை ஊதியத்தின் மேல்தான் ஏறும். 2014 ஜனவரியில் அகவிலைப்படி 100 சதவிகிதத்தைத் தொட்டபோது, அந்த ஆரம்ப இடைவெளி மட்டுமே 6,340 ஆகிவிட்டது. வருடாந்திர ஊதிய உயர்வு 3 சதவிகிதம். பெரிய தொகைக்குப் பெரிய உயர்வு, சின்னத் தொகைக்குச் சின்ன உயர்வு. ஏழாவது ஊதியக்குழு 2017-ல் வந்தது. எல்லாவற்றையும் 2.57-ஆல் பெருக்கியது. 3,170-ஐ 2.57-ஆல் பெருக்கிப் பாருங்கள். 8,146 ரூபாய் சொச்சம். அநியாயத்தையும் சேர்த்துப் பெருக்கிவிட்டார்கள்!

இருவரும் ஒரே டீயைக் குடிக்கிறார்கள். ஒரே அதிகாரியிடம் திட்டு வாங்குகிறார்கள். மாதக் கடைசியில் மட்டும் ஒருவர் ஒருவர் முகத்தைப் பார்க்காமல் சம்பளச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறார்கள்.

அதோடு முடியவில்லை. 2012-ல் ஆசிரியர் தகுதித் தேர்வு வந்தது. அந்த ஜூலையில் நடந்த முதல் தேர்வில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. தேறிய அந்தச் சிலரும் வேலைக்கு வந்தபோது எந்தச் சம்பளத்தில் உட்கார வைத்தார்கள்? குறைந்த சம்பளத்தில்தான். கூடுதலாக ஒரு பரீட்சை, குறைவாக ஒரு சம்பளம். இதற்குப் பெயர் தகுதிக்கு மரியாதை.

*

இப்போது கொஞ்ச நேரம் அமெரிக்காவுக்குப் போய் வரலாம். ஏன் என்று கேட்காதீர்கள், விஷயம் இருக்கிறது.

அங்கே ஃபுட்பால் என்றால் நம்ம ஊர் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, தலையில் ஹெல்மெட்டோடு மோதிக்கொள்கிற ஆட்டம். அதற்கு என்.எஃப்.எல். என்று ஒரு லீக். கோடி கோடியாகப் பணம். கல்லூரியில் நன்றாக ஆடுகிற பையன்களை ஒவ்வொரு வருடமும் அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும். 2010-ல் முதலாவதாகத் தேர்வான சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு வருட ஒப்பந்தம், 7 கோடியே 80 லட்சம் டாலர். அதில் 5 கோடி டாலருக்கு உத்தரவாதம். லீக்கில் அவர் ஒரு மேட்ச்கூட ஆடியிருக்கவில்லை.

முதலாளிகளுக்கு எரிச்சல். பத்து வருடம் எலும்பு உடைய ஆடிய சீனியர் வீரர்களுக்கும் எரிச்சல். 2011-ல் முதலாளிகள் மாதக்கணக்கில் கதவைச் சாத்தினார்கள். கடைசியில் வீரர்கள் சங்கமும் முதலாளிகளும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டார்கள். புதியவர்களின் சம்பளத்துக்கு உச்சவரம்பு. அந்த வருடம் முதலாவதாகத் தேர்வான கேம் நியூட்டனுக்கு நாலு வருடத்துக்குச் சுமார் 2 கோடியே 20 லட்சம் டாலர்தான்.

ஒரே வருடத்தில் இவ்வளவு வெட்டு. வெட்டியபோது புதியவர்கள் எங்கே இருந்தார்கள்? கல்லூரியில். இன்னும் சில வருடங்கள் கழித்து வரப்போகிறவன் எல்லாம் பள்ளிக்கூடத்தில்! அவர்களுக்குச் சங்கத்தில் ஓட்டு இல்லை. மேசையில் நாற்காலி இல்லை. உள்ளே இருந்தவர்கள், இன்னும் வராதவர்களின் பையிலிருந்து எடுத்துப் பேரம் பேசினார்கள்.

ரசல் வில்சன் என்ற வீரர் 2012-ல் மூன்றாவது சுற்றில் தேர்வானவர். 2014 பிப்ரவரியில் தன் அணிக்குக் கோப்பையை வாங்கிக்கொடுத்தார். அந்த சீசனில் அவர் சம்பளம் சுமார் 5 லட்சத்து 26 ஆயிரம் டாலர். எதிர் அணியில் அதே இடத்தில் ஆடிய பேட்டன் மேனிங்குக்கு 1 கோடியே 50 லட்சம் டாலர். ஜெயித்தவருக்குத் தோற்றவரின் சம்பளத்தில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான்!

"லட்சக்கணக்கில் டாலர் வாங்குகிறவனுக்கு நாம் ஏன் அழ வேண்டும்?" என்று கேட்பீர்கள். அழ வேண்டாம். ஆனால் அந்த ஒப்பந்தத்தில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 'புதியவர்' என்பதற்கு அதில் முடிவு தேதி இருக்கிறது. தேர்வு செய்யப்பட்ட வீரருக்கு நாலு வருடம். முதல் சுற்று ஆளாக இருந்தால் அணி விரும்பினால் இன்னும் ஒரு வருடம். மூன்று சீசன் முடிந்ததுமே மறுபேச்சு பேசலாம். வில்சன் 2015-ல் பேசினார். நாலு வருடத்துக்கு 8 கோடியே 76 லட்சம் டாலர் வாங்கினார்.

அங்கேயும் எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. காலொடிந்து மூன்று வருடத்தில் வீட்டுக்குப் போகிறவர்கள் ஏராளம். ஆனாலும் காகிதத்தில் ஒரு தேதி இருக்கிறது. நம் இடைநிலை ஆசிரியருக்குக் காகிதத்தில் எந்தத் தேதியும் எழுதவில்லை. 2009 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைக்கு இன்றைக்கு ஓட்டுரிமை வந்துவிட்டது. அந்தப் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர் இன்னும் 'பிறகு வந்தவர்'!

*

முதலாளித்துவ அமெரிக்கா அப்படித்தான் இருக்கும் என்று தோளைக் குலுக்கிவிட முடியாது. நம் சட்டத்திலேயே இது இருக்கிறது.

ஓசூர் 2004 பிப்ரவரி 9 வரை தர்மபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தபோது பெரிய தொழிற்சாலைகள் அந்தப் பக்கம் போய்விட்டன. வேலை தேடுகிற பையன்கள் இந்தப் பக்கம் மிஞ்சினார்கள். பாலக்கோட்டிலிருந்தும் காரிமங்கலத்திலிருந்தும் ஐ.டி.ஐ. சான்றிதழோடு பஸ் ஏறுகிறவர்களைக் கேட்டால் ஒரு வார்த்தை சொல்வார்கள்: பன்னிரண்டு-மூன்று. தொழிலாளர் துறை அதிகாரி முன்னிலையில் நிர்வாகமும் சங்கமும் கையெழுத்துப் போடுகிற ஊதிய ஒப்பந்தம். 1947 தொழில் தகராறு சட்டத்தின் 12(3) பிரிவு என்பதால் அந்தப் பெயர். 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்குத் தொழிலுறவுத் தொகுப்பு வந்துவிட்டது. பேச்சு வழக்கில் பெயர் மட்டும் அவ்வளவு சீக்கிரம் போகாது.

அந்தப் பழைய சட்டத்தின் 18(3) பிரிவு என்ன சொன்னது தெரியுமா? இப்படிப்பட்ட ஒப்பந்தம் இன்று வேலையில் இருப்பவர்களை மட்டுமல்ல, பின்னால் வேலைக்குச் சேரப்போகிறவர்களையும் கட்டுப்படுத்தும் என்றது. நோக்கம் நல்லதுதான். சங்கம் வாங்கிக்கொடுத்த சலுகை நாளைக்கு வருகிறவனுக்கும் கிடைக்கட்டும் என்பதுதான் அது. ஆனால் கத்திக்கு இரண்டு பக்கமும் கூர். "இருக்கிறவங்களுக்கு இவ்வளவு, இனிமே வர்றவங்களுக்கு இவ்வளவு" என்று இரண்டு அடுக்காக எழுதிவிட்டால், நாளைக்கு வருகிறவன் தான் போடாத கையெழுத்துக்குக் கட்டுப்பட்டவன்.

அதற்கும் கீழே ஒரு படி இருக்கிறது. அப்ரண்டிஸ். 1961-ம் வருடத்துச் சட்டப்படி அவர் 'தொழிலாளி'யே இல்லை, 'பயிற்சி பெறுபவர்'. 2019-ல் விதியைத் திருத்தி, படிப்புக்குத் தக்கபடி குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் என்று வைத்தார்கள். கற்றுக்கொள்கிற காலத்தில் குறைவாகத் தருவது நியாயம்தான். நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு கம்பெனியில் ஒரு வருடம், அடுத்த கம்பெனியில் வேறு பெயரில் இன்னொரு வருடம், அப்புறம் 'டிரெய்னி', அப்புறம் 'கான்ட்ராக்ட்' என்று ஓடிக்கொண்டே இருந்தால், கற்றுக்கொள்வது எப்போது முடியும்? மெஷின் ஓடுவதற்கு மட்டும் அவன் தொழிலாளி. சம்பள நாளன்று மாணவன்.

*

இனி நீங்கள் கேட்கப்போகும் கேள்விகளுக்கு வருகிறேன்.

"தெரிஞ்சுதானே சேர்ந்தாங்க?" ஆமாம், தெரிந்துதான் சேர்ந்தார்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தவர் கையில் பணி நியமன ஆணையைக் கொடுத்தால், "சம்பளம் சரியில்லை, வேண்டாம்" என்று திருப்பித் தருவாரா? பசித்தவன் போடும் கையெழுத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது அரசுக்கு அழகில்லை. வட்டிக்கடைக்காரரும் அதைத்தான் சொல்வார்.

"அரசாங்கத்துக்கு ஏது காசு?" நியாயமான கேள்வி. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 20,000 பேர் என்று சங்கங்கள் சொல்கின்றன. ஆரம்ப இடைவெளியான 3,170-ஐ வைத்து நீங்களே பெருக்குங்கள். வருடத்துக்குச் சுமார் 76 கோடி. அன்றைக்கே சரி செய்திருந்தால் அவ்வளவுதான். தள்ளிப்போடப் போட அகவிலைப்படி, பெருக்கல் எல்லாம் சேர்ந்து கடன் பெருத்தது. அதோடு, காசு இல்லையென்றால் எல்லோர் சம்பளத்திலும் கொஞ்சம் பிடியுங்கள். கடைசியாக வந்தவன் பையில் மட்டும் ஏன் கை விடுகிறீர்கள்? அவன் சத்தம் போட மாட்டான் என்பதைத் தவிர வேறு காரணம் உண்டா?

"தனியார் பள்ளி டீச்சருக்கு இதில் பாதிகூட இல்லையே?" இல்லைதான். அது இன்னொரு அநியாயம். பக்கத்து வீட்டிலும் ஒழுகுகிறது என்பதற்காக நம் வீட்டுக் கூரையை ஓட்டை போட்டுக்கொள்ள முடியுமா?

"கோர்ட்டுக்குப் போகலாமே?" சம வேலைக்குச் சம ஊதியம் என்பது அரசமைப்புச் சட்டத்தின் 39-வது பிரிவிலேயே வழிகாட்டும் கொள்கையாக இருக்கிறது. டெல்லி போலீஸ் டிரைவர் ஒருவர் தொடுத்த வழக்கில் 1982-ல் உச்ச நீதிமன்றம் அதை வலியுறுத்தியது. 2016 அக்டோபரில் பஞ்சாப் தற்காலிக ஊழியர்கள் வழக்கில், ஒரே வேலையைச் செய்பவருக்கு நிரந்தர ஊழியரின் அடிப்படைச் சம்பளமாவது தரவேண்டும் என்றது. தற்காலிக ஊழியருக்கே அப்படியென்றால் நிரந்தர ஆசிரியர் என்ன பாவம் செய்தார்? ஆனால் ஊதியக்குழு என்று வந்துவிட்டால் 'குறிப்பிட்ட தேதி' என்ற கேடயம் அரசுக்குக் கிடைத்துவிடுகிறது. எல்லாத் தீர்வும் கோர்ட்டிலிருந்து வராது. சிலது மனசிலிருந்து வரவேண்டும்.

இதில் கட்சி பார்க்காதீர்கள். ஆணை வந்தது தி.மு.க. ஆட்சியில். அதைப் பத்து வருடம் அப்படியே வைத்திருந்தது அ.தி.மு.க. ஆட்சி. 2018 டிசம்பரில் சென்னையில் உண்ணாவிரதம் இருந்தவர்கள் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். 2021 தேர்தலில் தி.மு.க. வாக்குறுதி கொடுத்தது. 2022 டிசம்பரில் மறுபடியும் உண்ணாவிரதம். 2023 புத்தாண்டு அன்று மூன்று பேர் கொண்ட குழு அறிவிப்பு. அதே வருடம் செப்டம்பர் கடைசியில் மறுபடியும் உண்ணாவிரதம், அக்டோபரில் கைது. ஆட்சி மாறியது. தேதி மாறவில்லை. எந்த அரசு எப்போது எப்படித் தீர்த்தாலும், போன வருடங்களின் சம்பளம் போனதுதான்.

முடியாத காரியமா இது? 2003-லிருந்து இதே ஆசிரியர்களை 3,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுத்தார்கள். அதுவும் 'புதியவர்களுக்கு மட்டும்' கதைதான். 2006 ஜூன் 1 முதல் அவர்கள் காலமுறை ஊதியத்துக்கு வந்தார்கள். ஒரே ஆணை. வானம் இடிந்து விழவில்லை. கஜானா காலியாகிவிடவும் இல்லை. 2003 ஏப்ரலுக்குப் பிறகு சேருகிறவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்று கோடு போட்டதும் இதே வழிதான். கோடு எப்போதும் வரிசையின் கடைசி ஆளுக்கு முன்னால்தான் விழும், கவனித்தீர்களா?

*

நான் கேட்பது மூன்றே மூன்று.

ஒன்று: புதியவருக்குக் குறைவாகத் தருகிற எந்த ஆணையிலும், எந்த ஒப்பந்தத்திலும் அது எந்தத் தேதியோடு முடியும் என்று எழுதியாக வேண்டும். இரண்டு வருடமோ, நாலு வருடமோ. தேதி இல்லாத 'புதுசு' என்பது புதுசு இல்லை, சாதி மாதிரி ஒன்று. பிறந்த தேதிக்குப் பதில் சேர்ந்த தேதி. அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டு: பழகும் காலம் முடிந்ததும் ஒரே வேலைக்கு ஒரே சம்பளம். இடையில் விட்டுப்போனதையும் சேர்த்து.

மூன்று: சம்பளம் பேசுகிற மேசையில், கடைசியாகச் சேர்ந்தவர்களின் சார்பில் ஒரு நாற்காலி. சங்கங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். 2019 ஜனவரி வேலைநிறுத்தத்தில் ஆசிரியர், அரசு ஊழியர் கூட்டமைப்பு இந்த ஊதிய முரண்பாட்டையும் கோரிக்கைப் பட்டியலில் வைத்தது. பாராட்டலாம். ஆனால் பட்டியலில் வைப்பது வேறு, அது கிடைக்காமல் எழுந்திருக்க மாட்டோம் என்று உட்காருவது வேறு.

இதெல்லாம் அரசுக்கும் சங்கத்துக்கும், எனக்கென்ன என்று பக்கத்தைத் திருப்பாதீர்கள். உங்கள் பேங்கிலோ, மில்லிலோ, ஐ.டி. கம்பெனியிலோ அடுத்த முறை சம்பள ஒப்பந்தம் பேசும்போது உங்களுக்கு எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்த பிறகு, அடுத்த வரியையும் படியுங்கள். "இனி சேருபவர்களுக்கு" என்று ஆரம்பிக்கும் அந்த வரி. அங்கே தொகை குறைந்திருந்தால் கையைத் தூக்கி ஒரு கேள்வி கேளுங்கள்: "இது எந்தத் தேதி வரைக்கும்?"

அந்த வரியில் இருக்கும் ஆள் உங்கள் பிள்ளையாக இருக்கலாம். இல்லாவிட்டாலும் கேளுங்கள். அவர் சார்பில் கேட்பதற்கு அந்த அறையில் உங்களைத் தவிர வேறு யாரும் இல்லை.